பழைய தோட்டாவா, புதிய தோட்டாவா: ஒரு .30-06ஐ முன்வைத்து

குடியாத்தத்தில் பிறந்து இப்போது அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், ஆஸ்டின் நகரில் வேலை பார்க்கும் ஒரு தம்பி கேட்டிருக்கும் கேள்வி இது. அவருடைய அடுத்த வீட்டுப் பெரியவர், தமக்குக் கண் மங்கிவிட்டது என்று சொல்லி, பல ஆண்டுகள் கையாண்ட வின்செஸ்டர் மாடல் 70 துப்பாக்கியைக் குறைந்த விலைக்கு அவரிடம் கொடுக்க முன்வந்திருக்கிறார். அது .30-06 தோட்டாவைச் சுடுவது. அதைக் கேள்விப்பட்ட கடைக்காரரோ, அந்தத் தோட்டா அருங்காட்சியகத்துக்குப் போக வேண்டிய பொருள் என்றும், 6.5 கிரீட்மோர் அல்லது 7 மில்லிமீட்டர் பி.ஆர்.சி. என்னும் புதிய தோட்டாவைச் சுடும் துப்பாக்கி வாங்குவதுதான் அறிவு என்றும் சொல்லியிருக்கிறார். சுடப்போவது வெள்ளைவால் மானும் காட்டுப்பன்றியும். வாய்த்தால் ஒருமுறை கொலராடோவுக்குப் போய் எல்க் என்னும் பெரிய மான். இதோடு, குடியாத்தத்து வீட்டில் தாத்தாவின் .315 துப்பாக்கி ஒன்று இருக்கிறதே, அதுவும் இந்தக் கணக்கில் எங்கே நிற்கிறது என்று கேட்கிறார்.

பெரியவரின் துப்பாக்கியைத் தயங்காமல் வாங்கிக்கொள்ளுங்கள் என்பதே என் பதில். ஆனால் அந்தக் கடைக்காரர் சொல்வதில் ஒரு பாதி உண்மை இருக்கிறது. எந்தப் பாதி என்பதைப் பிரித்துக் காட்டுவதற்குத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். நான் படையில் ஆர்மரராக, அதாவது துப்பாக்கிகளைப் பழுதுபார்த்துப் பராமரிப்பவனாக, இருந்து ஓய்வு பெற்றவன்; .303, 7.62 எஸ்.எல்.ஆர்., பிறகு 5.56 இன்சாஸ் என மூன்று தலைமுறைத் துப்பாக்கிகளைப் பிரித்துப் பூட்டியிருக்கிறேன். வீட்டுக்கு ஒருவர் படைக்குப் போவது வழக்கமாகிவிட்ட கம்மவான்பேட்டை போன்ற ஊர்கள் உள்ள வேலூர்ப் பக்கத்தில், திண்ணையில் உட்கார்ந்தால் இந்தப் பேச்சுக்குப் பஞ்சமே இல்லை. வேட்டையைப் பற்றி மட்டும் முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நம் நாட்டில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் 1991ஆம் ஆண்டின் திருத்தமும் வேட்டையை முடித்துவைத்துவிட்டன. சவ்வாது மலையில் பன்றி கேழ்வரகை உழுது போட்டாலும் உழவர் தாமாகத் துப்பாக்கியைத் தூக்க முடியாது. ஆகவே கீழே சொல்வதெல்லாம் வேட்டை சட்டப்படி நடக்கும் அவருடைய ஊருக்கே பொருந்தும்.

சொற்களில் குழப்பம் வேண்டாம். பித்தளைக் கூடு, அதன் அடியில் தீப்பொறி தரும் கேப், உள்ளே வெடிமருந்து, வாயில் குண்டு ஆகிய நான்கும் சேர்ந்ததே தோட்டா. பறந்து போவது குண்டு மட்டும். பழையதா புதியதா என்ற சண்டையில் பெரும்பாலோர் கூட்டைப் பற்றியே பேசுகிறார்கள். மாற்றமோ குண்டில்தான் அதிகம் நடந்திருக்கிறது.

எண்களைப் பார்ப்போம். .30-06 தோட்டா 1906இல் அமெரிக்கப் படைக்கு வந்தபோது 150 கிரெயின் (குண்டின் எடையைச் சொல்லும் சிறு அலகு) குண்டை வினாடிக்கு 2700 அடி வேகத்தில் அனுப்பியது. இன்று கடையில் கிடைக்கும் அதே எடைக் குண்டு அதே கூட்டிலிருந்து ஏறத்தாழ 2900 அடியில் போகிறது. கூடு மாறவில்லை, மருந்து மாறியது. வேட்டைக்கு அதிகம் வாங்கப்படும் 180 கிரெயின் குண்டு 2700 அடியில் கிளம்பும். 2007இல் வந்த 6.5 கிரீட்மோர், 143 கிரெயின் குண்டைக் கிட்டத்தட்ட அதே 2700 அடியில் அனுப்புகிறது. வேகம் ஒன்றே, எடை குறைவு என்றால் புதியது எதில் உயர்த்தி என்று கேட்கத் தோன்றும். விடை குண்டின் வடிவத்தில் இருக்கிறது. காற்றை எவ்வளவு எளிதாகக் கிழித்துச் செல்கிறது என்பதற்கு ஓர் எண் உண்டு. பாலிஸ்டிக் கோஎஃபிஷியன்ட் என்பார்கள். அந்த எண் கூடக்கூட, குண்டு தன் வேகத்தை இழப்பது குறையும். பழைய மாதிரியான 180 கிரெயின் ஈயமுனைக் குண்டுக்கு அது 0.4ஐ ஒட்டி நிற்கும். நீண்டு ஒல்லியான அந்த 143 கிரெயின் குண்டுக்கு 0.625.

இரண்டையும் 200 கஜத்தில் ஜீரோ செய்து, அதாவது குறிபார்த்த இடத்திலேயே குண்டு படும்படி ஸ்கோப் என்னும் குறிநோக்கியை அமைத்துச் சுட்டால், 300 கஜத்தில் பழையது 9 அங்குலமும் புதியது 8 அங்குலமும் தாழும். 400 கஜத்தில் வித்தியாசம் மூன்று அங்குலம் போல இருக்கும். மானின் நெஞ்சில் இதயமும் நுரையீரலும் அடங்கிய இலக்கு ஏறத்தாழ 8 அங்குல வட்டம் என்பதால், தூரத்தைச் சரியாக அறிந்தவனுக்கு இந்தத் தாழ்வு ஒரு பொருட்டே அல்ல. ஸ்கோப்பில் திருகிச் சரிசெய்துகொள்ளலாம். காற்று அப்படியல்ல. மணிக்கு 10 மைல் வேகக் குறுக்குக் காற்றில் 400 கஜம் போகும்போது பழைய குண்டு ஏறத்தாழ 16 அங்குலம் ஒதுங்கும், புதியது 10 அங்குலத்துக்குள் நிற்கும். காற்றின் வேகத்தைத் துல்லியமாக மதிப்பிட்டுச் சொல்லும் வேட்டைக்காரனை நான் இதுவரை பார்த்ததில்லை என்பதால், இந்த ஆறு அங்குலம்தான் கடைக்காரரின் உண்மையான வாதம். ஆனால் அதே .30-06 கூட்டில் இன்றைய பாணியில் செய்த, 0.55 எண் கொண்ட 178 கிரெயின் குண்டைப் போட்டால் அந்த 16 அங்குலம் 11 ஆகக் குறைந்துவிடுகிறது. துப்பாக்கியை மாற்றாமல், தோட்டாப் பெட்டியை மட்டும் மாற்றியே இடைவெளியில் பெரும்பகுதியை மூடிவிடலாம்.

அதுவும் 400 கஜத்தில். அது எவ்வளவு தூரம் என்பதை நம்மூரில் இருந்தே உணரலாம். வேலூரில் பாலாற்றுப் பாலத்துக்குக் கீழே, வறண்ட மணலில் நின்று, அக்கரையில் மேயும் மாட்டைப் பாருங்கள். அதன் கொம்பை எண்ண முடிகிறதா என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். மூன்றரைக் கால்பந்து மைதானங்களை வரிசையாகப் போட்டாற்போன்ற அந்தத் தொலைவில் ஓர் உயிரைச் சுடலாமா என்பது தோட்டாவைப் பற்றிய கேள்வி அல்ல. டெக்சாஸில் தீனி வைத்த இடத்துக்கு எதிரே மரப்பரணிலோ கூண்டிலோ உட்கார்ந்து சுடும் வழக்கம் பரவலானது. அங்கே தூரம் பெரும்பாலும் 100, 150 கஜத்துக்குள்தான். அந்த அளவில் 1895ஆம் ஆண்டின் .30-30 கூடப் போதும்.

குண்டின் கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் விஷயம் முழுவதும் அதில்தான் இருக்கிறது. ஈயத்தைச் செம்புத் தகட்டால் போர்த்திய பழைய வேட்டைக் குண்டு, பட்டவுடன் காளான் போல விரிய வேண்டும், ஆனால் சிதறக் கூடாது. வேகம் கூடியபோது அது சிதறத் தொடங்கியது. 1946இல் கனடாவில் ஒரு பெரிய மூஸ் மானைத் தம் .300 மேக்னம் துப்பாக்கியால் சுட்டும் வீழ்த்த முடியாமல் போன ஜான் நாஸ்லர், குண்டின் நடுவே செம்பிலேயே ஒரு தடுப்புச் சுவர் வைத்தார். முன்பாதி விரியும், பின்பாதி அப்படியே உள்ளே போகும். அதைப் பார்ட்டிஷன் என்ற பெயரில் 1948 முதல் விற்றார். 1989இல் பார்ன்ஸ் நிறுவனம் ஈயமே இல்லாத, முழுச் செம்பாலான குண்டைக் கொண்டுவந்தது. பிறகு ஈயத்தையும் உறையையும் பற்றவைத்த குண்டுகள், முனையில் பிளாஸ்டிக் கூர் பொருத்திய குண்டுகள் எல்லாம் வந்தன. இவற்றில் எதுவும் புதிய கூட்டுக்கு மட்டும் சொந்தமானதல்ல. நூறு வயதான 7×57 மாசரிலும் இவற்றைப் போட்டுச் சுடலாம். 1920இல் .30-06 வைத்திருந்தவருக்கும் இன்று அதை வைத்திருப்பவருக்கும் கையில் இருப்பது ஒரே கூடு. மான்மேல் படுவது முற்றிலும் வேறு பொருள்.

அப்படியானால் புதிய கூடுகளே தேவையில்லையா? தேவைதான், ஒரு காரணத்துக்காக: குழலின் முறுக்கு. குழலுக்குள் வெட்டியிருக்கும் பள்ளங்கள் எத்தனை அங்குலத்துக்கு ஒரு சுற்று சுற்றுகின்றன என்பதைப் பொறுத்தே, எவ்வளவு நீளமான குண்டைப் பம்பரம் போல நிலையாகச் சுழலவைக்க முடியும் என்பது தீர்மானமாகிறது. நீண்ட குண்டுக்கு வேகமான முறுக்கு, அதாவது குறைந்த அங்குலத்தில் ஒரு சுற்று, வேண்டும். இதைக் கவனிக்காமல் விட்டதால் ஒரு நல்ல தோட்டாவே அழிந்த கதை உண்டு. 1955இல் வின்செஸ்டர் .243ஐயும் ரெமிங்டன் .244ஐயும் வெளியிட்டன. இரண்டும் ஏறத்தாழ ஒரே சக்தி கொண்டவை. கூட்டின் அளவில் ரெமிங்டனே சற்றுப் பெரியது. ஆனால் வின்செஸ்டர் 10 அங்குல முறுக்கு வைத்தது, ரெமிங்டன் 12 அங்குல முறுக்கு வைத்தது. மானுக்கு ஏற்ற 100 கிரெயின் குண்டு .243இல் ஓடியது; .244 சிறு பிராணிகளுக்கான இலேசான குண்டுகளோடு நின்றது. பிறகு ரெமிங்டன் முறுக்கை 9 அங்குலமாக்கி, பெயரையும் 6 மில்லிமீட்டர் ரெமிங்டன் என்று மாற்றிப் பார்த்தது. சந்தை அதற்குள் முடிவு செய்துவிட்டது.

1925ஆம் ஆண்டின் .270 வின்செஸ்டரும் இதே கட்டுக்குள்தான் சிக்கியிருக்கிறது. 130 கிரெயின் குண்டை 3060 அடி வேகத்தில் அனுப்பும் அருமையான தோட்டா அது. ஆனால் வழக்கமான 10 அங்குல முறுக்கில் 150 கிரெயினுக்கு மேல் நீண்ட குண்டுகள் சரியாக நிலைப்பதில்லை. 2021இல் வந்த 6.8 வெஸ்டர்ன், அதே விட்டமுள்ள குண்டை 175 கிரெயின் வரை நீட்டி, முறுக்கை 8 அங்குலத்துக்கும் 7.5 அங்குலத்துக்கும் இறுக்கியது. 7 மில்லிமீட்டர் பி.ஆர்.சி. 2022இல் வந்தது, 8 அங்குல முறுக்கு, 175 கிரெயின் குண்டு, 3000 அடி வேகம். கடைக்காரரின் பாதி உண்மை இங்கே இருக்கிறது: கூடு, தொண்டை (கூட்டைத் தாண்டிக் குழலின் பள்ளங்கள் தொடங்கும் இடம்), முறுக்கு, மேகசினின் நீளம் அனைத்தையும் இன்றைய நீண்ட குண்டைச் சுற்றியே வரைந்திருக்கிறார்கள். பழைய துப்பாக்கியில் நீண்ட குண்டைப் போட்டால் ஒன்று மேகசினில் அடங்காது, அல்லது கூட்டுக்குள் ஆழமாக இறங்கி மருந்தின் இடத்தைத் தின்னும்.

ஆனால் எனக்குச் சிரிப்பை வரவழைப்பது வேறொன்று. நீண்ட குண்டு, வேகமான முறுக்கு, மிதமான வேகம் என்ற இந்தச் சூத்திரத்தை இந்த நூற்றாண்டின் கண்டுபிடிப்பு போல விளம்பரம் செய்கிறார்கள். 1894ஆம் ஆண்டின் 6.5×55 சுவீடியத் தோட்டாவுக்கு 200 மில்லிமீட்டர் முறுக்கு, அதாவது 8 அங்குலத்துக்கும் சற்றுக் குறைவு. 1890களின் தொடக்கத்தில் பிறந்த 7×57 மாசருக்கு 220 மில்லிமீட்டர், அதாவது 8.7 அங்குலம். அன்றைக்கு 156, 173 கிரெயின் எடையுள்ள உருண்டைமுனைக் குண்டுகள் நீளமாக இருந்ததால் அந்த முறுக்கு தேவைப்பட்டது. இன்று கூர்முனைக் குண்டுகள் நீளமாக இருப்பதால் அதே முறுக்கு மறுபடி தேவைப்படுகிறது. இடையில் வேகமே எல்லாம் என்று நம்பிய காலத்தில், அமெரிக்கர்கள் இலேசான குண்டையும் மந்தமான முறுக்கையும் பிடித்துக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் புறப்பட்ட இடத்துக்கே திரும்பியிருக்கிறார்கள். 6.5 கிரீட்மோரையும் 6.5×55ஐயும் பக்கத்தில் வைத்துச் சுட்டால் மானுக்கு வித்தியாசம் தெரியாது. சுவீடியத் தோட்டாவுக்கு நீண்ட போல்ட் (தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் தண்டு) வேண்டும், கிரீட்மோர் குட்டைப் போல்ட்டில் அடங்கிவிடும். அதிக அழுத்தம் தாங்காத பழைய கிராக் துப்பாக்கிகள் இன்னும் புழங்குவதால் சுவீடியத் தோட்டாவை அமெரிக்க ஆலைகள் 51,000 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு) அழுத்தத்தோடு நிறுத்துகின்றன, கிரீட்மோருக்கு 62,000 வரை அனுமதி உண்டு. கிரீட்மோரின் சேம்பர் (தோட்டா உட்காரும் அறை) வரைபடம் இறுக்கமானது. அதனால் எண்ணூறு டாலர்த் துப்பாக்கியும் பெட்டித் தோட்டாவைக் கொண்டே குண்டுகள் ஒன்றையொன்று ஒட்டி விழும்படி நன்றாகக் குழுமிச் சுடுகிறது. அந்தப் பெருமையை அதற்குக் கொடுக்கத்தான் வேண்டும்.

பழைய தோட்டாக்களின் திறமையைப் பேசும்போது இந்தியாவை விட்டுவிட முடியாது, ஏனென்றால் பல தோட்டாக்களின் தலையெழுத்தை இங்கே எழுதியது பாலிஸ்டிக்ஸ் அல்ல, அரசாணை. 1898இல் துப்பாக்கித் தயாரிப்பாளர் ஜான் ரிக்பி கொண்டுவந்த .450 நைட்ரோ எக்ஸ்பிரஸ், யானைக்கும் புலிக்கும் பெயர் பெற்ற தோட்டா. கலகக்காரர்கள் கையில் இருந்த பழைய மார்ட்டினி-ஹென்றித் துப்பாக்கிகளுக்கு இந்தக் குண்டுகள் போய்ச் சேரும் என்று அஞ்சி, 1907 வாக்கில் ஆங்கில அரசு இந்தியாவிலும் சூடானிலும் .450 அளவையே தடைசெய்தது. உடனே லண்டன் கம்பெனிகள் .465, .470, .475 என்று அதே சக்தியை வேறு விட்டங்களில் செய்து விற்றன. இன்றைக்கும் ஆப்பிரிக்காவில் இரட்டைக்குழல் துப்பாக்கி என்றால் .470தான் முதலில் நினைவுக்கு வரும். அது பிறந்ததற்குக் காரணம் நம் நாட்டுத் தடை.

தாத்தாவின் .315உம் அதே குடும்பத்துப் பிள்ளை. .303 படைத் தோட்டா, பொதுமக்கள் வைத்திருக்கக் கூடாது. ஆகவே ஆஸ்திரியப் படையின் 1890ஆம் ஆண்டுக் காலத்து 8×50 மான்லிக்கர் தோட்டாவை எடுத்து, லீ-என்ஃபீல்டு மாதிரித் துப்பாக்கியில் பொருத்தி, இந்தியாவுக்கென்று விற்றார்கள். சுதந்திரத்துக்குப் பின் நம் ஆர்டினன்ஸ் ஆலைகள் அதைத் தொடர்ந்தன. விளிம்புள்ள கூடு, 244 கிரெயின் எடையுள்ள கனத்த குண்டு, வினாடிக்கு 2000 அடியை ஒட்டிய வேகம். 1890இல் நிற்கும் தோட்டா என்றால் இதைத்தான் சொல்ல வேண்டும். .30-06க்குக் கிடைத்த நூறாண்டுக் கால குண்டு வளர்ச்சியில் எதுவும் இதற்குக் கிடைக்கவில்லை, ஏனென்றால் இதை வாங்குவோர் இந்தியர் மட்டும், கொடுப்பது அரசு ஆலை மட்டும். பழைய தோட்டா தாக்குப்பிடிக்குமா என்ற கேள்விக்கு இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதே நல்ல விடை. வயது கொன்றுவிடுவதில்லை, சந்தை கைவிட்டால்தான் தோட்டா சாகிறது.

பழைய தோட்டாக்களால் என்னென்ன செய்தார்கள் என்று சொல்லி மயக்குவதும் நேர்மையல்ல. சம்பாவத்தில் 436 பேரைக் கொன்றதாகக் கணக்கிடப்பட்ட புலியை 1907இல் வீழ்த்தியதற்காக ஜிம் கார்பெட்டுக்குக் கிடைத்த பரிசு, .275 ரிக்பி. அது 7×57க்கு ஆங்கிலேயர் வைத்த பெயர். அதே தோட்டாவால் ஆப்பிரிக்காவில் யானை வேட்டைக்காரர் கரமோஜோ பெல் நூற்றுக்கணக்கான யானைகளைச் சாய்த்தார். இதைக் கேட்டு, சிறிய தோட்டாவே எதற்கும் போதும் என்று வாதாடுவோர் உண்டு. யானையின் மண்டையை அறுத்து, மூளை எந்தக் கோணத்தில் எங்கே இருக்கிறது என்று படித்த பிறகு சுட்டவர் பெல். அவர் போட்டது விரியாத கனத்த குண்டு. அந்தத் திறமை இல்லாதவர்கள் எத்தனை யானைகளைக் காயத்தோடு காட்டுக்குள் அனுப்பினார்கள் என்பதைக் கண்டபிறகே, பல ஆப்பிரிக்க நாடுகள் 1912ஆம் ஆண்டின் .375 எச் அண்ட் எச் தோட்டாவைக் கீழ்வரம்பாக வைத்தன. நம் ஏலகிரி மலைக்குச் சிறுத்தையைத் தேடி வந்த பெங்களூர்க்காரர் கென்னத் ஆண்டர்சனின் கையில் இருந்தது .405 வின்செஸ்டர். 1904இல் வந்த தோட்டா, 300 கிரெயின் குண்டு, 2200 அடி வேகம். நூறு கஜத்துக்குள், புதருக்குள், இருட்டில் சுடுகிறவனுக்கு அதைவிட நல்லது இன்றைக்கும் அதிகம் இல்லை. 300 கஜத்தில் அது கல்லெறிவது போலத்தான். ஒவ்வொரு தோட்டாவும் ஒரு நிலத்துக்காகப் பிறந்தது என்பதை மறந்துவிட்டு ஒப்பிடுவதில் பயன் இல்லை.

வெயிலைப் பற்றி வேலூர்க்காரன் பேசாமல் யார் பேசுவது? மருந்து சூடானால் வேகமாக எரியும், அழுத்தம் ஏறும். கார்டைட் என்னும் பழைய ஆங்கில மருந்து இதில் மிக மோசம். அதனால்தான் இந்தியாவுக்கும் ஆப்பிரிக்காவுக்கும் அனுப்பிய வேட்டைத் தோட்டாக்களில், மருந்தைக் குறைத்து, வெப்பநாட்டுத் தோட்டா என்று தனியாகக் குறியிட்டு விற்றார்கள். கார்டைட் நூல் நூலாக இருக்கும் என்பதால் .303 கூட்டின் கழுத்தை வடிப்பதற்கு முன்பே மருந்தை வைத்துவிடுவார்கள் என்பது ஆர்மரர்களுக்குப் பிடித்த கதை. ஓர் அக்கினி நட்சத்திரத்தின்போது, ஆலங்காயத்து மாமாவின் .315ஐச் சுடுதளத்துக்குக் கொண்டுபோனபோது, காருக்குள் மதியம் முழுக்கக் கிடந்த பெட்டித் தோட்டாக்களைச் சுட்டுவிட்டுப் போல்ட்டைத் தூக்கினால் அது இறுகிக்கொண்டு வந்தது. நிழலில் வைத்திருந்த தோட்டாக்கள் வெண்ணெய் போல வந்தன. இன்றைய மருந்துகளில் பல, வெப்பம் ஏறினாலும் வேகம் அதிகம் மாறாதபடி செய்யப்பட்டவை. ஆகஸ்டு மாதத்து டெக்சாஸ் நம்மூருக்குச் சளைத்ததல்ல. பன்றிக்கு அங்கே ஆண்டு முழுவதும் போகலாம் என்பதால், தோட்டாவைப் பிக்கப் வண்டியின் முன்கண்ணாடிக்குக் கீழே வைக்காதீர்கள்.

எங்கே புதியது உண்மையிலேயே வெல்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒன்று, உதை, அதாவது சுடும்போது துப்பாக்கி தோளைப் பின்னுக்குத் தள்ளும் விசை. 8 பவுண்டு எடையுள்ள துப்பாக்கியில் .30-06, 180 கிரெயின் குண்டோடு ஏறத்தாழ 20 அடி-பவுண்டு உதைக்கும். கிரீட்மோர் 13ஐத் தாண்டாது. படையில் புது ஆட்களுக்குச் சுடக் கற்றுக்கொடுத்தபோது நான் கண்ட பெரிய எதிரி, சுடும் கணத்தில் கண்ணை மூடித் தோளை இழுத்துக்கொள்ளும் பயம். அது ஒருமுறை ஒட்டிக்கொண்டால் வருடக்கணக்கில் போகாது. உடல் மெலிந்தவர்களுக்கும் முதன்முறையாகத் துப்பாக்கியைத் தொடுகிறவர்களுக்கும் கிரீட்மோரே என் பரிந்துரை. 7 மில்லிமீட்டர் பி.ஆர்.சி. அப்படியல்ல, அது .30-06ஐவிடவும் அதிகமாக உதைக்கும், இதைக் கடைக்காரர் சொல்லியிருக்க மாட்டார். மற்றொன்று, ஈயத் தடை. கலிபோர்னியாவில் 2019 ஜூலை முதல் எந்த வேட்டைக்கும் ஈயக் குண்டு கூடாது. செம்பு ஈயத்தைவிட இலேசானது என்பதால், அதே எடைக்குச் செம்புக் குண்டு நீளமாகும். நீளமானால் வேகமான முறுக்கு வேண்டும். இந்தச் சட்டம் மற்ற மாநிலங்களுக்கும் பரவினால், மந்தமான முறுக்குள்ள பழைய துப்பாக்கிகள் கனத்த குண்டை விட்டுக்கொடுத்து, இலேசான செம்போடு திருப்தியடைய வேண்டியிருக்கும். .30-06க்கு 150, 165 கிரெயின் செம்பு மிக நன்றாகவே வேலை செய்யும் என்பதால் உங்களுக்கு அதில் இழப்பில்லை.

புதியது வாங்குவோர் யோசிக்காத ஆபத்து ஒன்று உண்டு. கிரீட்மோரின் கூடு .30 டி.சி. என்ற தோட்டாவிலிருந்து வந்தது. தாய்த் தோட்டாவும் 2007 வாக்கில் பிறந்ததுதான். இன்று அதற்குத் தோட்டா தேடுவது குதிரைக்கொம்பு. 2003இல் ஆரவாரமாக வந்த வின்செஸ்டரின் குட்டை மேக்னங்களில் மிகக் குட்டையான வரிசையும் அப்படியே மறைந்தது. அந்தத் துப்பாக்கிகளை வாங்கியவர்கள் இன்று கூட்டைத் தாமே திரும்ப நிரப்பிச் சுடுகிறார்கள், அல்லது சுவரில் மாட்டியிருக்கிறார்கள். கிரீட்மோர் பிழைத்துவிட்டது, இனிச் சாகாது. பி.ஆர்.சி. வரிசை பிழைக்கும் என்றே நினைக்கிறேன். .30-06ஐப் பொறுத்தவரை நினைக்க வேண்டியதே இல்லை. சிற்றூர்க் கடையிலும் ஒரு பெட்டி இருக்கும்.

இனி உங்கள் காரியத்துக்கு வருகிறேன், தம்பி. முதலில் விசா. நீங்கள் எச்-1பி போன்ற குடியேற்றமல்லாத விசாவில் இருந்தால், அமெரிக்கக் கூட்டரசுச் சட்டப்படி துப்பாக்கியைக் கையில் வைத்திருப்பதே பொதுவாகக் குற்றம். ஏதேனும் ஒரு மாநிலத்தின் செல்லுபடியாகும் வேட்டை உரிமம் இருந்தால் விலக்கு உண்டு. ஆகவே பெரியவரிடம் துப்பாக்கியை வாங்குவதற்கு முன்னால் உரிமம் கையில் இருக்க வேண்டும். டெக்சாஸில் வேட்டையாட வேட்டைக் கல்வி வகுப்பையும் முடித்தாக வேண்டும். 1971 செப்டம்பர் 2 அன்றோ அதற்குப் பின்னோ பிறந்தவர்களுக்கு அது பொதுவாகக் கட்டாயம்.

துப்பாக்கி கைக்கு வந்ததும் ஒரு தேர்ந்த பழுதுபார்ப்பவரிடம் கொடுத்து, சேம்பரின் தலைவெளியையும் (பூட்டிய போல்ட்டுக்கும் கூட்டுக்கும் இடையே விடும் இடைவெளி) குழலின் தொண்டை தேய்ந்திருக்கிறதா என்பதையும் பார்க்கச் சொல்லுங்கள். மாடல் 70 உறுதியான துப்பாக்கி. எனக்குச் சந்தேகம் ஸ்கோப்பின்மேலும் அதைப் பிடித்திருக்கும் திருகுகளின்மேலும்தான். ஐம்பது ஆண்டுப் பழைய ஸ்கோப்பைக் கழற்றிப் பெட்டியில் வைத்துவிட்டு, புதியதை வாங்குங்கள். கடைக்காரர் சொன்ன புதிய துப்பாக்கிக்குச் செலவாகும் பணத்தில் பாதியை இதில் போட்டால், இலக்கில் தெரியும் முன்னேற்றம் அதிகமாக இருக்கும். மானுக்கும் பன்றிக்கும் 150 அல்லது 165 கிரெயின் போதும், உதையும் குறையும். எல்க்குக்குப் போகும்போது 180 கிரெயின் பார்ட்டிஷனையோ பற்றவைத்த குண்டையோ எடுத்துக்கொள்ளுங்கள். கொலராடோ விதிப்படி எல்க்குக்கு .24 அங்குல விட்டம், 85 கிரெயின் எடை, 100 கஜத்தில் 1000 அடி-பவுண்டு சக்தி இருந்தால் போதும்; .30-06 அந்த இடத்தில் இதைப்போல இரண்டு மடங்குக்கு மேல் கொண்டுபோகும். 300 கஜத்துக்கு மேல் சுட மாட்டேன் என்று உங்களுக்கே ஒரு கோடு போட்டுக்கொண்டால், பி.ஆர்.சி. வாங்கியவரிடம் நீங்கள் பொறாமைப்பட ஒன்றும் இல்லை. அதற்கு அப்பால்தான் சுட ஆசை என்றால் கடைக்காரர் சொன்னதைக் கேளுங்கள்; அதோடு மாதம் நூறு தோட்டா சுடும் செலவுக்கும் தயாராகுங்கள்.

குடியாத்தத்து .315ஐப் பொறுத்தவரை அதைப் பெரியவரின் துப்பாக்கியோடு ஒப்பிட்டு மனம் கலங்க வேண்டாம். இங்கே அதைக் கொண்டு வேட்டையாடப்போவது யாரும் இல்லை. .308 போன்ற புதிய தோட்டாவுக்கு மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்டிருந்தீர்கள். முடியாது, .308 துப்பாக்கி 7.62 படைத் தோட்டாவை ஏற்கும்; அதை ஏற்கும் எந்தத் துப்பாக்கியும் இந்தியாவில் தடைசெய்யப்பட்ட வகையைச் சேரும். தாத்தாவுக்கு எழுபது வயது கடந்திருந்தால், 2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகளின்படி அவர் தம் காலத்திலேயே வாரிசு ஒருவர் பெயருக்கு மாற்ற மனுக் கொடுக்கலாம். நீங்கள் வெளிநாட்டில் இருப்பதால், ஊரில் இருக்கும் உங்கள் சித்தப்பா போன்றவர் பெயருக்குச் செய்வதே நடைமுறைக்கு ஒத்துவரும். 2019ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் ஒருவருக்கு இரண்டு துப்பாக்கிகளுக்கு மேல் கிடையாது என்பதை நினைவில் வைத்துக்கொண்டு, அவரிடம் ஏற்கெனவே என்ன இருக்கிறது என்று கேளுங்கள். தேர்தல் வந்தால் காவல் நிலையத்தில் ஒப்படைக்க வேண்டும் என்பது உங்களுக்குத் தெரிந்ததே. 2019இல் வேலூர் மக்களவைத் தேர்தல் ஏப்ரலில் ரத்தாகி ஆகஸ்டில் நடந்த அந்த ஆண்டு, என் மாமாவின் துப்பாக்கி வீட்டைவிட நிலையத்தில்தான் அதிக நாள் இருந்தது. ஒப்படைப்பதற்கு முன் குழலுக்குள் எண்ணெய்த் துணியை ஒருமுறை ஓட்டிவிடச் சொல்லுங்கள். திரும்ப வாங்கி வந்த அன்றைக்கே மறுபடி ஓட்டச் சொல்லுங்கள். அந்தக் குழலில் நான் கண்ட துரு அத்தனையும் சுட்டதால் வந்ததல்ல, சும்மா கிடந்ததால் வந்தது.